நீறு பூத்த நெருப்பு

அடுப்பில் சாம்பல் படர்ந்து கிடக்கிறது. தணல் ஆறிவிட்டது என்று எண்ணி ஒருவன் கை வைக்கிறான், கை சுடுகிறது. இதனை 'நீறு பூத்த நெருப்பு' என்று நாம் வழங்குகிறோம். அடக்கமே உருவான ஒருவரின் உள்ளத்தில் மறைந்திருக்கும் ஆற்றலைக் குறிக்கவே இத்தொடரைப் பெரும்பாலும் ஆள்வது வழக்கம். இந்தப் பேச்சில் நான் அதனை அமெரிக்க நாட்டு மோட்டார் கார்கள் சிலவற்றுக்கு உரியதாக்க விரும்புகிறேன்.

தோற்றத்தில் அவை எளியவை. அலுவலகம் செல்லும் குமாஸ்தாவும், ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்பவரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாயும் வைத்திருக்கும் கார்களுக்கும் அவற்றுக்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு காண்பது அரிது. ஆனால் சாலை விளக்கு பச்சையாக மாறிய மறுகணமே, பக்கத்தில் நிற்கும் விலையுயர்ந்த காரைப் பின்னே விட்டு அவை பாய்ந்துவிடும். அமெரிக்கர் இத்தகைய காரை 'ஸ்லீப்பர்' என்பர். உறங்குவது என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் 'க்யூ-கார்' என்பர். முதல் உலகப் போரின்போது, வெறும் சரக்குக் கப்பலைப் போலத் தோன்றி, ஜெர்மானிய நீர்மூழ்கி அருகில் வந்ததும் மறைத்து வைத்திருந்த பீரங்கியால் சுட்ட 'க்யூ' கப்பல்களின் பெயரால் அமைந்த சொல் அது.

இவ்விரு பெயர்களும், பிறரை ஏமாற்றுவதற்காகவே பூண்ட வேடம் என்ற கருத்தைத் தருகின்றன. தம் சொந்தப் பட்டறையில் அவ்வாறு வேடமிட்ட கார்களைச் செய்தவர்களும் உண்டு. ஆயின் நான் இங்கே சொல்லவிருப்பவை, தொழிற்சாலையே செய்து, விலை குறித்து, எல்லோருக்கும் விற்ற கார்கள். அவற்றின் வரலாற்றைக் கற்கும்தோறும் எனக்கு வேறொன்று புலனாகிறது. அந்த எளிமை பெரும்பாலும் ஒரு கணக்கின் விடை. பணத்தை எல்லாம் வேகத்துக்கே கொடுத்தவனுக்கு எஞ்சியது எளிமை. அந்தக் கணக்கில் சேர்ந்தவை எவை, விடுபட்டவை எவை என்று பார்ப்பதே என் நோக்கம்.

1932ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் சிக்கித் தவித்த காலம் அது. எட்டு சிலிண்டர்களை ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் இரு வரிசையாக அமைத்த எஞ்சின், அதுவரை பெரும்பாலும் செல்வர் ஏறிச் செல்லும் கார்களுக்கே உரியதாக இருந்தது. காடிலாக் கம்பெனி 1914 முதல் அதனைச் செய்து வந்தது. பல பகுதிகளாக வார்த்து இணைக்க வேண்டியிருந்தமையால் செலவு மிகுந்தது. ஹென்றி ஃபோர்டு தம் பொறியாளர்களைக் கொண்டு, எஞ்சின் உடலை ஒரே வார்ப்பாகவும் பெருந்தொகையாகவும் வார்க்க வழி கண்டார். 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத் திறனும் கொண்ட அந்த எஞ்சின் பூட்டிய கார் 460 டாலர் முதல் கிடைத்தது. அதே உடலில் நான்கு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய காரும் அவ்வாண்டு விற்கப்பட்டது. இரண்டையும் அருகருகே நிறுத்தினால், 'வி-8' என்னும் சிறு சின்னம் ஒன்றைத் தவிர வேறு அடையாளம் காண்பது கடினம்.

குடியானவனுக்கும் கடைக்காரனுக்கும் கிடைத்த அந்த வேகம் கொள்ளைக்காரனுக்கும் கிடைத்தது. போனி பார்க்கர், கிளைட் பாரோ என்னும் இருவர் பல மாநிலங்களில் கொள்ளையும் கொலையும் புரிந்து ஓடித் திரிந்து, 1934 மே மாதம் லூசியானாவில் காவலரின் குண்டுகளுக்கு இரையாயினர். அப்போது அவர்கள் அமர்ந்திருந்தது திருடப்பட்ட ஃபோர்டு வி-8 கார். அந்தக் காரைப் புகழ்ந்து கிளைட் பாரோ ஹென்றி ஃபோர்டுக்கு எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. அது அவன் கைப்பட எழுதியதுதானா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. கடிதம் மெய்யோ பொய்யோ, மக்கள் அதனை நம்பியதற்குக் காரணம் ஒன்றுதான். தெருவில் கண்டால் ஒருவரும் திரும்பிப் பாராத ஒரு கார், காவலரின் காரை விட்டு விலகி ஓடவல்லது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஃபோர்டு செய்தது மலிவான எஞ்சின். அந்த அறிவை ஒரு விதியாக வகுத்தது ப்யூக் கம்பெனி. 1936இல் அக்கம்பெனியிடம் 'ஸ்பெஷல்' என்னும் சிறிய காரும், 'ரோட்மாஸ்டர்' என்னும் பெரிய காரும் இருந்தன. சிறியதன் எஞ்சின் 93 குதிரைத் திறன் உடையது; பெரியதன் எஞ்சின் 120 குதிரைத் திறன் உடையது. பெரியதன் எஞ்சினை எடுத்துச் சிறியதன் இலேசான உடலோடு பொருத்தினர். புதிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறந்த காருக்குச் 'செஞ்சுரி' எனப் பெயரிட்டனர். செஞ்சுரி என்றால் நூறு. மணிக்கு 100 மைல் என்பதே அப்பெயரின் குறிப்பு.

நேயர்களே, இக்கதை முழுவதற்கும் அடிப்படையான கணக்கு இதுவே. ஒரு கார் எவ்வளவு விரைவாக வேகம் பெறும் என்பது எஞ்சினின் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அந்த வலிமை எவ்வளவு எடையைத் தள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே வேகம் வேண்டுபவன் கம்பெனியின் மிகப் பெரிய எஞ்சினையும் மிக இலேசான உடலையும் தேடுவான். மிக இலேசான உடல் எது? அலங்காரப் பட்டையும், மெத்தை வேலைப்பாடும், வானொலிப் பெட்டியும் இல்லாதது. அதாவது மிக மலிவானது. இவ்வாறு மலிவும் வேகமும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

அரசாங்கமும் இக்கணக்கை அறிந்துகொண்டது. இடையில் நிறுத்தப்பட்டிருந்த செஞ்சுரி 1954இல் மீண்டும் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்படை, இரண்டே கதவுகள் உடைய எளிய ஸ்பெஷல் உடலில் செஞ்சுரியின் எஞ்சினைப் பூட்டித் தரும்படி கேட்டது. ஏறத்தாழ 270 கார்கள் அவ்வாறு செய்யப்பட்டன. பொதுமக்களுக்கு அந்த அமைப்பு விற்கப்படவில்லை.

இனி அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப்பகுதிக்குச் செல்வோம். 1920 முதல் 1933 வரை அந்நாடெங்கும் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின்னரும் வரி கொடாமல் கள்ளச்சாராயம் காய்ச்சும் தொழில் அம்மலைகளில் நின்றுவிடவில்லை. இரவில் சாராயத்தை ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு விரையும் ஓட்டுநர்கள் ஃபோர்டு வி-8 கார்களையே பெரிதும் விரும்பினர். வெளித்தோற்றம் ஐயத்தை எழுப்பலாகாது. உள்ளே வலிமை வேண்டும். பாரம் ஏற்றினாலும் பின்புறம் தாழ்ந்து காட்டிக்கொடுக்கக் கூடாது. ஆதலின் பின்பக்க வில்களை அவர்கள் வலுப்படுத்தினர். அவ்வோட்டுநரிடையே யார் கார் விரைவானது என்ற போட்டி எழுந்ததும், அதிலிருந்து பந்தயங்கள் வளர்ந்ததும் இயல்பே.

பில் ஃபிரான்ஸ் என்பவரின் முயற்சியால் 1948இல் 'நாஸ்கார்' என்னும் பந்தயச் சங்கம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சார்லட் நகரில் அச்சங்கம் ஒரு புதுமையான பந்தயத்தை நடத்திற்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவாறே உள்ள கார்கள் மட்டும் ஓடலாம் என்பது விதி. க்ளென் டன்னவே என்பவர் ஓட்டிய ஃபோர்டு முதலாவதாக வந்தது. சோதித்துப் பார்த்தபோது, சாராய வண்டிகளுக்குச் செய்வதைப் போல அதன் பின்பக்க வில் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. டன்னவே ஓட்டிய காரின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தும் பயனில்லை.

இந்நிகழ்ச்சியை நான் சிறப்பாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தாமும் கடைக்குச் சென்று வாங்கக்கூடிய கார் எவ்வளவு விரைந்து ஓடும் என்பதைக் காணவே மக்கள் அங்குக் கூடினர். வீரர்க்கென்று தனியே செய்த வண்டியைக் காண அவர்கள் வரவில்லை. கம்பெனிகள் இதனை உடனே புரிந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமை வெல்லும் கார் திங்கட்கிழமை விற்கும் என்பது அத்தொழிலில் பழமொழியே ஆயிற்று.

அக்காலப் பந்தயங்களில் பெயர் பெற்றது ஹட்சன் கம்பெனியின் 'ஹார்னெட்'. 1951இல் வெளிவந்த இது குடும்பத்தார் ஐவர் அறுவர் அமரத்தக்க கார். போட்டிக் கம்பெனிகள் எட்டு சிலிண்டருக்கு மாறிய நாளில் இது ஆறு சிலிண்டர் எஞ்சினையே கொண்டிருந்தது. ஆனால் அந்த எஞ்சின் 308 கன அங்குலம் உடையது. மேலும் அதன் தளம், அடிச்சட்டத்தின் மேல் அமையாமல் சட்டங்களுக்கு இடையே தாழ அமைந்திருந்தது. கார் தரையை ஒட்டி நின்றமையால் வளைவுகளில் சாயாமல் திரும்பிற்று. 1952இல் நாஸ்கார் நடத்திய 34 பெரும் பந்தயங்களில் 27இல் ஹட்சன் வென்றது. எனினும் பந்தய வெற்றி கம்பெனியைக் காப்பாற்றவில்லை. பெரிய கம்பெனிகளோடு விலையில் போட்டியிட முடியாமல், 1954இல் அது நாஷ் கம்பெனியோடு இணைந்து 'அமெரிக்கன் மோட்டார்ஸ்' ஆயிற்று.

அந்தப் புதிய கம்பெனி சிக்கனத்தைப் பறைசாற்றிய கம்பெனி. அதன் 'ராம்ப்ளர்' கார் சிறியது, எரிபொருளைக் குறைவாகக் குடிப்பது, ஆடம்பரமற்றது. அத்தகைய காரில் 1957இல் அவர்கள் தம் பெரிய 327 கன அங்குல வி-8 எஞ்சினைப் பூட்டி, 'ரெபெல்' எனப் பெயரிட்டு, வெள்ளி நிறத்தில் 1,500 கார்கள் மட்டும் செய்தனர். எஞ்சின் 255 குதிரைத் திறன் உடையது. டேட்டோனா கடற்கரையில் ஒரு மோட்டார் இதழ் நடத்திய சோதனையில், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை அது 7.5 விநாடியில் எட்டிற்று. அவ்வாண்டு அமெரிக்கக் கார்களில் அதனை முந்தியது, எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புக் கொண்ட செவர்லே 'கார்வெட்' ஒன்றே. 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்ற நம் பழமொழிக்கு ராம்ப்ளர் ரெபெலை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அதே 1957இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிரான்சு நாட்டு லெமான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்காவிலும் வேக மோகத்தை எதிர்த்துக் குரல் எழுந்தது. கார் உற்பத்தியாளர் சங்கம் 1957 ஜூன் மாதம் கூடி, பந்தயங்களுக்கு உதவுவதில்லை, விளம்பரங்களில் வேகத்தைப் பேசுவதில்லை என்று தீர்மானித்தது. தீர்மானம் நல்லது. அதன் விளைவுதான் விந்தையானது. வேகம் விளம்பரப் பக்கத்திலிருந்து நீங்கி, விலைப்பட்டியலின் அடியில் சிறு எழுத்தில் போய் ஒளிந்துகொண்டது.

அமெரிக்கக் காரை அந்நாளில் எவ்வாறு வாங்கினர் என்பதை இங்கே விளக்க வேண்டும். விற்பனையாளரிடம் ஆர்டர் தாள் ஒன்று இருக்கும். எந்த உடல், எந்த எஞ்சின், எத்தனை கியர், எந்த நிறம் என்று நீண்ட பட்டியல் அதில் உண்டு. வாங்குபவர் வேண்டியவற்றுக்கு எதிரே குறியிடுவார். அவ்வண்ணமே தொழிற்சாலையில் ஒரு கார் பிறக்கும். தாளை முழுவதும் படிக்கத் தெரிந்தவனுக்கு, கம்பெனி வெளியே சொல்லாத ஒரு கார் அதனுள் இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று தன் கிளைகளுக்கு விதி செய்திருந்தது. அதன் போன்டியாக் கிளையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவரும் துணைவரும் விதியைக் கூர்ந்து படித்தனர். அது புதிய மாடல்களுக்குத்தான் பொருந்தும். வாங்குபவர் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் உறுப்புகளுக்குப் பொருந்தாது என்று பொருள் கண்டனர். 1964ஆம் ஆண்டின் 'டெம்பெஸ்ட்' காரில், 300 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில், 389 கன அங்குல எஞ்சினை ஒரு விருப்ப உறுப்பாகச் சேர்த்தனர். அதற்கிட்ட பெயர் ஜி.டி.ஓ. ஐயாயிரம் விற்றால் போதும் என்று மேலிடம் எண்ணியது; அவ்வாண்டு விற்றவை 32,450.

ஜி.டி.ஓ. விரைவில் புகழ் பெற்றுவிட்டது. ஆகவே அது நீறு பூத்த நெருப்பாக நீடிக்கவில்லை. அந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையது செவர்லே 'பிஸ்கேன்'. பெரிய செவர்லே கார்களில் மிக மலிவானது அது. டாக்ஸிக்காரரும், காவல்துறையினரும், பல கார்களை மொத்தமாக வாங்கும் நிறுவனத்தாரும் அதன் வாடிக்கைக்காரர். 1966ஆம் ஆண்டுப் பிஸ்கேனில் வழக்கமாக வருவது 155 குதிரைத் திறன் உடைய ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆனால் ஆர்டர் தாளில் உரிய இடத்தில் குறியிட்டவர்க்கு, அதே உடலில் 427 கன அங்குலமும் 425 குதிரைத் திறனும் கொண்ட எஞ்சின் பூட்டி அனுப்பப்பட்டது. சக்கரத்தின் நடுவே பளபளக்கும் பெரிய மூடிக்குப் பதிலாக, நாய்க்குச் சோறு வைக்கும் தட்டு என்று அமெரிக்கர் கேலியாக அழைக்கும் சிறு மூடிதான் இருந்தது. கூர்ந்து நோக்குவோர்க்கு மட்டுமே தெரியும் சிறு சின்னம் தவிர, பார்ப்பவருக்கு அது ஒரு டாக்ஸி.

இவ்வழியின் உச்சம் 1969இல் வந்தது. டாக்ஸிகளுக்குத் தனி நிறம், காவல் வண்டிகளுக்குத் தனி உறுப்பு என்பன போன்ற சிறப்புத் தேவைகளுக்காகச் செவர்லே கம்பெனியில் 'தலைமை அலுவலக உற்பத்தி ஆணை' என்னும் ஏற்பாடு இருந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'கோப்போ' என்பர். சிறிய 'கமாரோ' காரில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற விதியை இவ்வேற்பாட்டின் மூலம் சிலர் கடந்தனர். இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் கார் விற்ற ஃப்ரெட் கிப் என்பவர், முழுதும் அலுமினியத்தால் ஆன 427 கன அங்குல எஞ்சின் பூட்டிய 50 கமாரோக்களுக்கு ஆணை தந்தார். எஞ்சினுக்குக் கம்பெனி குறித்த ஆற்றல் 430 குதிரைத் திறன். உண்மையில் 500க்கும் மேல். உள்ளே இத்தனை ஆற்றல் இருந்தும் வெளியே அதனைச் சொல்லும் பட்டையோ பெயரோ கிடையாது. விலைச்சீட்டு வந்தபோது ஒரு கார் 7,200 டாலருக்கு எட்டியிருந்தது. சாதாரணக் கமாரோவின் விலையைப் போல் அது இரு மடங்குக்கும் மேல். வாங்குவார் இல்லை. பெரும்பாலானவற்றைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மொத்தம் 69 கார்களோடு அம்முயற்சி நின்றது.

இதுவரை ஆர்டர் தாளில் குறியிடப்பட்டவற்றைச் சொன்னேன். குறியிடப்படாதவை எவை என்று கேட்கவேண்டிய இடம் இது. முதலாவது, பிரேக். 1964ஆம் ஆண்டு ஜி.டி.ஓ.வின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகளே. பலமுறை அழுத்திப் பிடித்தால் அவை சூடேறிப் பிடிமானம் இழக்கும். சூட்டை விரைவில் வெளியேற்றும் டிஸ்க் பிரேக்கை விரும்பிப் பெறும் வாய்ப்பு அக்காருக்கு 1967இல்தான் வந்தது. 427 எஞ்சின் பூட்டிய 1966ஆம் ஆண்டுப் பிஸ்கேனிலும் டிஸ்க் பிரேக் கிடையாது. டாக்ஸிக்காக வகுத்த உடல், டாக்ஸிக்காக வகுத்த பிரேக் வகை, பந்தயத்துக்காக வகுத்த எஞ்சின் ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் சென்றன. எளிய தோற்றம் வேகத்தை மட்டும் மறைத்ததென்று நாம் எண்ணுகிறோம். வலுவின்மையையும் அது மறைத்தது.

இரண்டாவது, சாலையைக் கடந்து கொண்டிருப்பவர். தொலைவில் வரும் காரின் தோற்றத்தைக் கொண்டே அது எவ்வளவு விரைவில் அருகே வரும் என்று நடந்து செல்பவர் மதிப்பிடுகிறார். சிவந்த நிறமும் தாழ்ந்த உடலும் உடைய பந்தயக் காரைக் கண்டால் நின்றுவிடுவார். டாக்ஸியைக் கண்டால் அடியெடுத்து வைப்பார். உறங்குவது போலத் தோன்றும் காரின் ஓட்டுநருக்கு அதுவே வேடிக்கை. குறுக்கே செல்பவருக்கோ அது உயிர்ச் சிக்கல். அவர் பெயர் அந்த ஆர்டர் தாளில் எங்கும் இல்லை.

இது வெறும் கற்பனைக் கவலையன்று. 1966இல் அமெரிக்கச் சாலைகளில் மாண்டோர் தொகை ஐம்பதினாயிரத்தைத் தாண்டியது. அத்தனையும் வேகக் கார்களால் நேர்ந்தவை என்று கூறுவது பிழையாகும். அவற்றுள் பெரும்பாலானவை சாதாரணக் கார்களில், சாதாரண மனிதர்க்கு நேர்ந்தவை. ஆனால் கார் செய்பவர் வேகத்துக்குக் காட்டிய அக்கறையைப் பாதுகாப்புக்குக் காட்டவில்லை என்ற உண்மை அத்தொகையால் வெளிப்பட்டது. 1965இல் ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர் இக்குற்றச்சாட்டை ஒரு நூலாக எழுதினார். அடுத்த ஆண்டு காங்கிரஸ் மன்றம் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1968 ஜனவரி முதல் புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமாயிற்று. காப்பீட்டுக் கம்பெனிகள் வலிமை மிக்க கார்களுக்குக் கட்டணத்தை உயர்த்தின. 1970இல் தூய காற்றுச் சட்டமும், 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் வந்தன. பெரிய எஞ்சின்களின் முதற்காலம் அவற்றோடு முடிந்தது.

நெருப்பு அணைந்ததோ என்றால், இல்லை. எண்ணெய்ப் பஞ்சமே அதற்குப் புது விறகு தந்தது. ப்யூக் கம்பெனி தன் வி-6 எஞ்சினைச் செய்யும் கருவிகளை 1967இல் வேண்டாமென விற்றிருந்தது. எரிபொருள் விலை ஏறியதும் 1974இல் அவற்றைத் திரும்ப வாங்கியது. அச்சிறிய எஞ்சினுக்கு வலிமை கூட்ட, வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ அமைப்பைப் பொருத்தினர். 1987இல் அவ்வெஞ்சின் 245 குதிரைத் திறன் தந்தது. அவ்வாண்டின் கார்வெட் தந்தது 240. கறுப்பு நிறக் 'கிராண்ட் நேஷனல்' இதனால் பெயர் பெற்றது. ஆனால் முதியோர் விரும்பும் குரோம் பட்டை அணிந்த சாதாரண 'ரீகல்' காரிலும் அதே எஞ்சினை வாங்க முடிந்தது. அதனை வாங்கியவரே இவ்வரலாற்றின் நேர் வாரிசுகள்.

மேலும் மூன்று கார்களைச் சொல்லி நிறுத்துகிறேன். 1989இல் ஃபோர்டு கம்பெனி, 'டாரஸ்' என்னும் தன் குடும்பக் காரில் ஜப்பானிய யமஹா கம்பெனி செய்த 220 குதிரைத் திறன் எஞ்சினைப் பூட்டி விற்றது. 1991இல் ஜி.எம்.சி. 'சைக்ளோன்' என்னும் சிறு சரக்கு வண்டி வந்தது. டர்போ பொருத்திய வி-6 எஞ்சினும், நான்கு சக்கரங்களையும் இயக்கும் அமைப்பும் அதற்கு உண்டு. ஓர் இதழ் அதனை இத்தாலிய 'ஃபெராரி 348' காரோடு ஓடவிட்டது. மணிக்கு 60 மைலை எட்டச் சரக்கு வண்டிக்கு 5.3 விநாடியும் ஃபெராரிக்கு 6 விநாடியும் ஆயின. ஆனால் 500 பவுண்டுக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று கம்பெனி எச்சரித்திருந்தது. சரக்கு வண்டி தன் தொழிலை விற்று வேகத்தை வாங்கியது எனலாம். 1994இல் செவர்லே 'கப்ரீஸ்' காவல் வண்டிகளில் 260 குதிரைத் திறன் எஞ்சின் வந்தது. காவல்துறை பயன்படுத்தி ஏலத்தில் விட்ட வண்டிகளைப் பொதுமக்கள் வாங்கி, வெள்ளைப் பூச்சின் கீழிருந்த வேகத்தைக் கண்டு வியந்தனர். 1996 இறுதியில் அந்தக் கார் வகையே நிறுத்தப்பட்டது.

இன்று அமெரிக்கச் சாலைகளில் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. 2021இல் வெளிவந்த டெஸ்லா கம்பெனியின் 'மாடல் எஸ்' கார் ஒன்றுக்கு அக்கம்பெனி குறித்த ஆற்றல் 1,020 குதிரைத் திறன். நான்கு கதவுகள் கொண்ட அந்தக் குடும்பக் கார் உறுமுவதுமில்லை, புகைப்பதுமில்லை. முன்னாளில் ஆர்டர் தாளை நுணுகிப் படித்தவன் மட்டும் பெற்ற வேகம், இப்போது கடைக்குச் செல்லும் காரிலும் வந்துவிட்டது. பிரேக்குகள் சிறந்துவிட்டன, ஓட்டுபவரைக் காக்கும் அமைப்புகள் பெருகிவிட்டன. குறுக்கே நடப்பவரின் நிலை மட்டும் பெரிதும் மாறிவிடவில்லை. வருவது எத்தகைய நெருப்பு என்பதை அவர் இன்றும் தோற்றத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பழைய பிஸ்கேன் முதலிய கார்களில் எஞ்சியவை மிகச் சில. அலங்காரக் கார்களைப் போற்றி வைத்தவர்கள், டாக்ஸி போன்ற கார் பழையதானதும் இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டனர். அருமை தெரிந்தபின் விலை ஏறிற்று. விலை ஏறியதும் போலி பிறந்தது. சாதாரணப் பிஸ்கேனில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, தொழிற்சாலையில் பிறந்ததே இது என்று விற்பவர் தோன்றினர். அதனால் இன்று அத்தகைய காரை வாங்குபவர் உடலின் அழகைப் பார்ப்பதில்லை. எஞ்சினில் பொறித்த எண்களைப் பார்க்கிறார். காருடன் வந்த பழைய ஆர்டர் தாள் இருக்கிறதா என்று கேட்கிறார். அந்தத் தாள் கிடைக்குமாயின், விலையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாமல், குறி விழாத இடங்களையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.